லைசென்ஸ் புதுசு, கார் பழசு: முதல் காரா ஒரு ‘ஸ்போர்ட்டி’ கார் வாங்கலாமா?

லைசென்ஸ் வந்து இரண்டு நாள்தான் ஆகியிருக்கும். கார்டை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்த கையோடு, போனில் யூஸ்டு கார் ஆப் ஒன்றைத் திறந்திருப்பீர்கள். புது கார்களின் ஆன்ரோடு விலையைப் பார்த்ததும் ‘நமக்கு இது இப்போதைக்கு ஆகாது’ என்று தோன்றும். அப்படியே கீழே தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு இடத்தில் விரல் நின்றுவிடும். சிவப்பு கலர் ஃபோர்டு ஐகான் 1.6. அலாய் வீல், பின்னால் ஸ்பாய்லர், விலையோ ஒரு நல்ல பைக்கின் விலை!

நண்பனுக்கு அனுப்பினால் அடுத்த நொடியே பதில் வரும்: “மச்சி, யோசிக்காத... தூக்குடா!”

அப்பாவிடம் காட்டினால் வேறு பதில்: “டேய், முதல்ல ஒழுங்கா ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்க. அப்புறம் பாக்கலாம்.”

இரண்டு பேரில் யார் சொல்வது சரி? தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், மேடவாக்கம் பக்கம் தினமும் வண்டி ஓட்டப்போகிற ஒரு புது டிரைவரின் இடத்தில் இருந்து பார்ப்போம். பதில், இரண்டு பேரும் நினைக்காத ஒரு இடத்தில் இருக்கிறது.

நம்ம ஏரியாவில் பிறந்த கார்

பழைய ஸ்போர்ட்டி கார்கள் மீது தென்சென்னைக்காரர்களுக்குத் தனிப் பாசம் இருப்பதில் ஆச்சர்யம் இல்லை. தாம்பரத்திலிருந்து ஜிஎஸ்டி ரோட்டில் செங்கல்பட்டு பக்கம் போனால் மறைமலை நகர். ஃபோர்டு ஐகான் 1999-ல் அங்கேதான் பிறந்தது. ‘ஜோஷ் மெஷின்’ என்று விளம்பரம் செய்தார்கள். 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 90-க்குக் கொஞ்சம் மேலே குதிரைத்திறன். கார் எடையோ ஏறக்குறைய ஒரு டன்தான். மாருதி 800-ம் அம்பாஸடரும் ஓடிக்கொண்டிருந்த ரோட்டில் அது ராக்கெட் மாதிரி தெரிந்தது.

அதே காலத்தில் வந்தவைதான் ஹோண்டா சிட்டி 1.5 விடெக், ஃபியட் பேலியோ 1.6, திருவள்ளூர் ஆலையில் தயாரான மிட்சுபிஷி லேன்சர். 2005-ல் மாருதி ஸ்விஃப்ட் வந்தது. 2013-ல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ வந்தது. இன்று யூஸ்டு கார் ஆப்பில் ‘என்த்தூசியாஸ்ட் ஓனர்’, ‘வெல் மெயின்டெய்ன்ட்’ என்று வரும் விளம்பரங்களில் பெரும்பாலும் இந்தப் பெயர்கள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில்படும்.

இந்தக் கார்களிடம் நிஜமான நல்ல குணங்களும் உண்டு. கண்ணாடி பெரிது, தூண்கள் ஒல்லி. அதனால் வெளியே நன்றாகத் தெரியும். ஸ்டீயரிங்கில் ரோடு எப்படி இருக்கிறது என்று கைக்குத் தெரியும். கவனத்தை இழுக்கும் பெரிய டச் ஸ்கிரீன் கிடையாது. அளவும் சின்னது. கிழக்குத் தாம்பரத்துக் குறுக்குத் தெருக்களில் எதிரே தண்ணி லாரி வந்தாலும் சமாளிக்கலாம். “பழைய காரில் கத்துக்கிட்டவன் எந்தக் காரையும் ஓட்டுவான்” என்று மெக்கானிக் அண்ணன்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

அப்போ வேகம்தான் ஆபத்தா?

அப்பாவின் பயம், “பவர் அதிகம், பையன் வேகமாப் போயிடுவான்” என்பது. அது நியாயமான பயம்தான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. அங்கே ‘பி பிளேட்’ ஒட்டிய புது டிரைவர்கள், ஒரு டன் எடைக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் சக்தியுள்ள காரை ஓட்டக் கூடாது. பிரிட்டனில் லைசென்ஸ் வாங்கிய இரண்டு வருஷத்துக்குள் ஆறு பெனால்டி பாயின்ட் வாங்கினால் லைசென்ஸே போய்விடும். நம் ஊரில் இப்படி எதுவும் இல்லை. 18 வயதில் லைசென்ஸ் வாங்கிய அன்றைக்கே எவ்வளவு பவர் உள்ள காரையும் எடுத்துக்கொண்டு ஜிஎஸ்டி ரோட்டில் ஏறலாம்.

ஆனால், ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஐகான் 1.6-ன் சக்தி ஏறக்குறைய 68 கிலோவாட். எடை ஒரு டன். அதாவது அந்த ஆஸ்திரேலிய வரம்பில் பாதிதான்! அந்தச் சட்டப்படி ஒரு புது டிரைவர் ஐகானைத் தாராளமாக ஓட்டலாம். இன்றைய சின்ன டர்போ கார்கள் பலவும் ஐகானை விட வேகமானவை.

ஆக, இன்ஜின் அவ்வளவு பெரிய வில்லன் இல்லை. வில்லன், பிரேக் மிதிக்கும்போது வெளியே வருவான்.

பிரேக் மிதிச்சா என்ன நடக்கும்?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். ஒரு நொடியில் கார் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். முன்னால் ஒருவர் குறுக்கே வருவதைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி. அதற்குப் பிறகு, நல்ல டயர், காய்ந்த ரோடு என்றால் நிற்க இன்னொரு 20 மீட்டர். மொத்தம் 37 மீட்டர், அதாவது மூன்று மாநகரப் பேருந்துகளின் நீளம்.

80-ல் போனால்? 58 மீட்டர், ஏறக்குறைய ஐந்து பஸ். வேகம் 20 கிலோமீட்டர்தான் கூடியது. ஆனால் நிற்க இரண்டு பஸ் நீளம் கூடுதலாக வேண்டும். மழையில், தேய்ந்த டயரோடு அதே 80-ல் மிதித்தால் 90 மீட்டரைத் தொடும்.

இதில் ஏபிஎஸ் எங்கே வருகிறது? பதறிப்போய் பிரேக்கை முழுசா அழுத்தினால், ஏபிஎஸ் இல்லாத காரில் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. நீங்கள் இடது பக்கம் திருப்பினாலும் கார் நேராக வழுக்கிக்கொண்டு போகும். ஏபிஎஸ் உள்ள காரில், ஒரு நொடிக்குள் பல முறை பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும் வேலையை கம்ப்யூட்டரே செய்துவிடும். நீங்கள் அழுத்திக்கொண்டே திருப்பி விலகலாம்.

பல வருஷம் ஓட்டியவருக்கு, சக்கரம் பூட்டும் அந்தத் தருணம் காலிலேயே தெரியும். கொஞ்சம் விட்டுப் பிடிப்பார். புது டிரைவருக்கு அந்தப் பழக்கம் வந்திருக்காது. பதற்றத்தில் முழு பலத்தோடு அழுத்துவதுதான் மனித இயல்பு. அந்த இயல்பை மன்னிக்கிற கார்தான் முதல் வருஷத்துக்கு வேண்டும்.

இந்தியாவில் எல்லாப் புது கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில். டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் கட்டாயம் என்ற விதி 2021-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய கார் என்றால் வேரியன்ட்டைப் பொறுத்துத்தான் இருக்கும். ஐகான், பழைய சிட்டி விடெக் போன்றவற்றில் பெரும்பாலும் இரண்டுமே இருக்காது.

ஏர்பேக் எவ்வளவு வித்தியாசம் செய்யும்? 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்த முடிவுகளை வெளியிட்டது. ஏர்பேக் இல்லாத போலோவுக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம். இரண்டு ஏர்பேக் வைத்த போலோவுக்கு நான்கு ஸ்டார். நம் மறைமலை நகர் ஃபிகோவும் ஏர்பேக் இல்லாமல் சோதித்தபோது பூஜ்யம்தான் வாங்கியது. ‘பழைய காரெல்லாம் இரும்பு மாதிரி’ என்ற பேச்சை இனி யார் சொன்னாலும், இந்த முடிவை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி ரோட்டின் பாடம்

இப்போது இதை நம் ரோட்டில் வைத்துப் பார்ப்போம். ஜிஎஸ்டி ரோட்டில் பஸ் திடீரென்று இடதுபுறம் ஒதுங்கும். பின்னால் வரும் ஷேர் ஆட்டோ திடீரென்று வலதுபுறம் விலகும். சென்டர் மீடியன் இடைவெளியில் இருந்து ஒருவர் ஓடி வருவார். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்த பிறகு வண்டலூர் பக்கம் வெளியூர் பஸ்களின் போக்குவரத்தும் சேர்ந்துகொண்டது. இங்கே ஸ்போர்ட்டி காரின் வேகத்தைக் காட்ட இடமே இல்லை. பிரேக்கைத்தான் ஒரு நாளைக்கு நூறு முறை காட்ட வேண்டியிருக்கும்.

பொங்கல் லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பும் நாளில் பரனூர் டோல்கேட்டிலிருந்து பெருங்களத்தூர் வரை ஊர்ந்து வந்தவர்களுக்குத் தெரியும், பழைய காரின் கனமான கிளட்ச் இடது காலை என்ன செய்யும் என்று. டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது இன்னொரு சித்ரவதை.

இதற்கு நேர் எதிர், தாம்பரம் - மதுரவாயல் பைபாஸும் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும். ரோடு காலியாக இருக்கும், கார் இழுக்கும், பாட்டு ஓடும். ‘ஒரு தடவை அழுத்திப் பாப்போமே’ என்று கால் சொல்லும். பழைய காரில் 100 தாண்டியதும் வரும் சத்தமும் அதிர்வும் ஒருவித த்ரில்தான். ஆனால், சர்வீஸ் ரோட்டில் இருந்து லைட் இல்லாமல் ஏறும் டிராக்டருக்கு உங்கள் த்ரில் தெரியாது.

மழை வந்தா கதையே வேற

தென்சென்னையில் கார் வாங்குகிறவர்கள் மறக்கக் கூடாத இரண்டு டிசம்பர்கள் உண்டு. 2015 வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல். முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அவற்றில் பல கழுவித் துடைக்கப்பட்டு மறுபடி மார்க்கெட்டுக்கு வருவது வழக்கம்.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுங்கள். கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை படிந்திருக்கிறதா பாருங்கள். சீட்டுக்குக் கீழே உள்ள தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் மண் படிந்திருக்கிறதா, கார்பெட்டை முகர்ந்தால் பூஞ்சை வாடை அடிக்கிறதா... எல்லாவற்றையும் பாருங்கள். ஏசி போட்டு, நிறைய சென்ட் அடித்து வைத்திருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள்.

ஸ்போர்ட்டி காருக்கு இன்னொரு மழைச் சிக்கலும் உண்டு. முந்தைய ஓனர் ஸ்பிரிங்கை வெட்டி காரைத் தாழ்த்தியிருக்கலாம். காற்று இழுக்கும் ஃபில்டரை பம்பருக்குக் கீழே இறக்கி வைத்திருக்கலாம். முழங்கால் அளவுகூட வேண்டாம். தெருவில் தேங்கிய தண்ணீரை அந்த ஃபில்டர் உறிஞ்சினாலே போதும். தண்ணீர் சிலிண்டருக்குள் போய், பிஸ்டன் மேலே வர முடியாமல், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதோடு இன்ஜின் காலி. மெக்கானிக்கின் பில், கார் விலையையே தாண்டலாம்.

வாங்குற விலை வேற, வெச்சிருக்கிற விலை வேற

ஒரு லட்சத்துக்குக் கார் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படும் முன் இந்தக் கணக்கையும் பாருங்கள்.

இன்ஷூரன்ஸ்: தேர்டு பார்ட்டி பிரீமியம் இன்ஜின் அளவை வைத்து நிர்ணயிக்கப்படுகிறது. 2022 ஜூன் முதல் அமலான கட்டணப்படி 1,000 சிசிக்கு மேல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய். 1,500 சிசியைத் தாண்டினால் 7,897 ரூபாய். சிட்டி 1.5 முதல் வகையில் வரும். ஐகான் 1.6 இரண்டாவது வகைக்குப் போய்விடும். நூறு சிசி வித்தியாசத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல்! அதோடு, ரொம்பப் பழைய காருக்கு முழு காப்பீடு தரப் பல கம்பெனிகள் தயங்கும். தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தால், அடுத்தவர் காருக்கு இன்ஷூரன்ஸ், உங்கள் காருக்கு உங்கள் பர்ஸ்.

ஆர்சி: தனியார் காரின் பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதற்குப் பிறகு ஆர்டிஓ-வில் காரைக் காட்டி ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025-ல் அதை 10,000 ரூபாயாக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. 15 வருஷமான பெட்ரோல் காரை ஓட்டவே கூடாது என்ற தடை இங்கே இல்லை என்பது ஆறுதல்.

பெட்ரோல்: இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்களின் ரப்பர் ஹோஸ், கேஸ்கெட் எல்லாம் இதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. அவற்றில் கசிவோ வெடிப்போ இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் மாற்ற வேண்டும்.

பார்ட்ஸ்: மறைமலை நகரில் ஃபோர்டு கார் உற்பத்தி 2022-ல் நின்றுவிட்டது. ஃபியட், மிட்சுபிஷி கார்களும் இப்போது புதிதாக வருவதில்லை. சர்வீஸ் செய்ய ஆள் கிடைப்பார்கள். ஆனால், 20 வருஷ மாடலின் ஹெட்லைட்டோ சஸ்பென்ஷன் பார்ட்டோ கிடைக்க வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும். போலோ ஜிடி டிஎஸ்ஐ-யில் இருக்கும் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் கெட்டால், பில் லட்சங்களில் பேசும்.

மாடிஃபிகேஷன்: கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ‘சவுண்டு வேற லெவல்’ என்று விளம்பரத்தில் போட்டிருக்கும் அந்த சைலன்ஸர், உங்கள் தலையில் விழப்போகும் செலவு.

சரி... வாங்கலாமா, வேண்டாமா?

மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: ஏபிஎஸ்ஸும் இரண்டு ஏர்பேக்கும் இருக்கிறதா? இல்லை என்றால், அது உங்கள் முதல் கார் இல்லை. இரண்டாவது, மூன்றாவது காராக இருக்கட்டும். இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

இரண்டாவது கேள்வி: காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு, வாங்கிய பிறகும் கையில் மிச்சம் இருக்குமா? டயர், பிரேக், பேட்டரி, ஹோஸ், சஸ்பென்ஷன் புஷ் என்று முதல் ஆறு மாதத்தில் அந்தப் பணம் போய்விடும். மொத்தப் பணத்தையும் கொட்டி வாங்கினால், பிரேக் பேடு மாற்ற வேண்டிய மாதத்தில் ‘அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுவீர்கள். பழைய காரில் விபத்துக்கான விதை அங்கேதான் விழுகிறது.

மூன்றாவது கேள்வி: முதல் மூன்று மாதம் பக்கத்து சீட்டில் உட்கார அனுபவமுள்ள ஒருவர் இருக்கிறாரா? அப்பாவோ அக்காவோ மாமாவோ, யாராக இருந்தாலும் சரி. திட்டினாலும் பரவாயில்லை.

மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால், தாராளமாகத் தேடுங்கள். முதல் தலைமுறை ஸ்விஃப்ட்டின் இசட்எக்ஸ்ஐ வேரியன்ட்டில் ஏபிஎஸ்ஸும் இரண்டு ஏர்பேக்கும் உண்டு. போலோ ஜிடி டிஎஸ்ஐ-யில் அவற்றோடு இஎஸ்பி-யும் உண்டு. ஆனால் கியர்பாக்ஸைத் தெரிந்தவரிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 2019-க்குப் பிறகு வந்த சாதாரண ஹேட்ச்பேக் ஒன்று கிடைத்தால், அது பார்க்க ‘மாஸ்’ இல்லை என்றாலும், முதல் வருஷத்துக்கு அதுதான் சரியான தோழன்.

பார்க்கப் போகும்போது

காரைப் பகலில் பாருங்கள். மழையில் நனைந்த காரில் பெயின்ட் டச்சப் தெரியாது. வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும்.

எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைத் தட்டி, பதிவுத் தேதி, ஆர்சி எதுவரை செல்லும், இன்ஷூரன்ஸ், லோன் பாக்கி எல்லாம் சரிபாருங்கள். இ-சலான் நிலுவை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது. டிரெட் நன்றாக இருந்தாலும் ரப்பர் வயதானால் இறுகிவிடும். மழையில் பிடிக்காது. ஆறேழு வருஷம் தாண்டிய டயர் என்றால், நான்கு புது டயரின் விலையைக் கார் விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது, பின்னால் யாரும் வராத நேரான ரோட்டில் 40-ல் பிரேக் போடுங்கள். கார் ஒரு பக்கமாக இழுக்கிறதா, பெடல் அதிர்கிறதா என்று கவனியுங்கள். சாவியைத் திருப்பும்போது டேஷ்போர்டில் ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், பல்பைக் கழற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தமாக இருக்கலாம்.

வாங்கிவிட்டால், படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி ஆர்சி-யை உடனே பெயர் மாற்றுங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் மாற்றுங்கள். ‘அப்புறம் மாத்திக்கலாம்’ என்று விட்டால், விபத்து நடக்கும் நாளில்தான் அதன் விலை தெரியும்.

வேகம் வேணும்னா இடம் இருக்கு

வேகமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கிறது. பணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, சொந்தக் காரிலேயே ஓட்டிப்பார்க்கும் டிராக் டே அங்கே நடப்பதுண்டு. எதிரே லாரி வராது, குறுக்கே மாடு வராது, தப்பு செய்தால் மண்ணில் போய் நிற்கும். உங்கள் கார் எப்போது வழுக்கும், பிரேக் எங்கே பூட்டும் என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

முதல் வருஷத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்கள். அடுத்து தாம்பரம் - வேளச்சேரி சாலை. அப்புறம் ஜிஎஸ்டி ரோடு. இரவும் மழையும் பழகிய பிறகுதான் பைபாஸ். இதை முடித்துவிட்டு, அடுத்த வருஷம் அந்தச் சிவப்பு ஐகானைத் தேடுங்கள். ஒருவேளை அது விற்றுப்போயிருக்கும். பரவாயில்லை, இன்னொன்று வரும்.

நண்பனுக்கு இப்போதைக்கு ஒரு பதில் அனுப்புங்கள்: “தூக்கலாம் மச்சி... முதல்ல ஏபிஎஸ் இருக்கானு கேளு.”